முழு டவரில் உடைந்த பேச்சு

அடி அண்ணாமலையில் செல்போன் சிக்னலுக்கான அந்தச் சின்னப் பெட்டியை அக்காவின் கடைச் சுவரில் மாட்டலாம் என்று இடம் காட்டியது நான்தான். அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. கிரிவலப் பாதையோரம் மோரும் சூடமும் தண்ணீர் பாக்கெட்டும் ரீசார்ஜ் கார்டும் விற்றுக்கொண்டிருந்தவர். நாற்பது வயதை ஒட்டி இருக்கும். நான் அப்போது ஒரு செல்போன் கம்பெனியில் சிக்னல் அளக்கிற இன்ஜினீயர். எங்கள் ஊர்ப்பக்கமெல்லாம் செல்போன் பரவத் தொடங்கி நாலைந்து வருஷம்தான் ஆகியிருந்தது. இன்கமிங்குக்குக் காசு இல்லை என்று ஆனபிறகு களை எடுக்கப் போகிறவர்கள் இடுப்பிலும் போன் ஏறிவிட்டது.

என் வேலையை வீட்டில் யாருக்கும் விளக்க முடிந்ததில்லை. அம்மா சொந்தக்காரர்களிடம் ‘கம்ப்யூட்டர் வேலை’ என்று மட்டும் சொல்லி வைத்திருந்தார். பெண் பிள்ளை ஒரு டிரைவரோடு ஜீப்பில் ஊர் ஊராகச் சுற்றுகிறாள் என்று சொன்னால் வரன் வராது என்பது அவர் கணக்கு. ஜீப்பின் பின்சீட்டில் மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதிலிருந்து கேபிள் வழியாக இரண்டு போன்கள். ஒன்று ஓயாமல் யாரையோ கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். வண்டி போகப் போகத் திரையில் சாலை ஒரு புள்ளிக்கோடாக வளரும். பேச்சு நன்றாக இருந்தால் பச்சை, சுமாரென்றால் மஞ்சள், மோசமென்றால் சிவப்பு. ஜீப்பு நின்ற இடத்திலெல்லாம் “லோன் குடுக்க வந்தீங்களா?” என்று கேட்பார்கள்.

திருவண்ணாமலை டவுனில் எங்களுக்கு மூன்று பெரிய டவர்கள் இருந்தன. கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜ் மாடியில் ஒன்று, பஸ் ஸ்டாண்டில் ஒன்று, செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டி ஒன்று. மூன்றும் மலைக்கு இந்தப் பக்கம். அடி அண்ணாமலை அந்தப் பக்கம். நடுவில் மலை நிற்கிறதே, சிக்னல் எப்படிப் போகும்? சாதாரண நாளில் அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. பௌர்ணமி அன்றைக்கு மட்டும் டவுன் ஜனம் மொத்தமும் வெளியூர் ஜனமும் மலையைச் சுற்றி அந்தப் பக்கம் போய்விடும். லட்சக்கணக்கில் ஆள் நடக்கிற பாதையில் போன் செத்துக் கிடக்கும். மறுநாள் புகார் குவியும்.

அதற்காகத்தான் சின்னப் பெட்டிகள். சூட்கேஸ் அளவுதான் இருக்கும். கம்பத்திலோ சுவரிலோ மாட்டிவிடலாம். கூப்பிடு தூரத்துக்குள் இருப்பவர்களை மட்டும் அது பார்த்துக்கொள்ளும். பாதை நெடுக நாலு இடத்தில் மாட்டினோம்.

பெட்டி மாட்டுவது பெரிய விஷயமில்லை. அதற்கு அலைவரிசை கொடுப்பதுதான் கஷ்டம். அரசாங்கம் ஒவ்வொரு கம்பெனிக்கும் அலைக்கற்றையில் ஒரு துண்டைத்தான் ஒதுக்கியிருந்தது. எங்கள் துண்டைச் சேனல் சேனலாகப் பிரித்தால் இருபது சொச்சம் வரும். அதை வைத்துக்கொண்டுதான் மாவட்டம் முழுக்கப் பேச வைக்க வேண்டும். ஆகவே ஒரு டவருக்குக் கொடுத்த சேனலையே தள்ளியிருக்கிற இன்னொரு டவருக்கும் கொடுப்போம். இரண்டும் ஒன்றையொன்று பார்க்காத தூரத்தில் இருக்க வேண்டும். பார்த்துவிட்டால் பேச்சு குழம்பும். கிரிவலப் பாதையில் ஒரு கோயிலின் ஸ்பீக்கரில் ஒரு பாட்டும் அடுத்த கோயிலின் ஸ்பீக்கரில் வேறு பாட்டும் ஓடும்போது நடுவில் நிற்கிறவனுக்குச் சத்தம் நிறையக் கேட்கும், ஒரு வார்த்தையும் விளங்காது. அதே கதைதான். அப்போது போனில் டவர் முழுசாகக் காட்டும். பேசினால் துண்டு துண்டாக வரும்.

அக்கா கடைப் பெட்டிக்கு நான் பஸ் ஸ்டாண்டு டவரின் சேனல் ஒன்றைக் கொடுத்தேன். நடுவில் மலை இருக்கிற தைரியம். அளந்து பார்த்தபோது திரையில் பாதை முழுக்கப் பச்சை. வேலூர் ஆபீசில் இருந்த என் மேலதிகாரி, “மலையையே மதில் சுவரா யூஸ் பண்ணிட்டியேம்மா” என்று பாராட்டினார். இரண்டு நாள் அந்தப் பெருமையிலேயே சுற்றினேன்.

ஒரு வேலையை மட்டும் செய்யவில்லை. சென்னையில் இருந்த பிளானிங் ஆட்களின் வரைபடத்தில் ஏற்ற, புதிதாக மாட்டியதை எல்லாம் ஒரு பெரிய படிவத்தில் எழுதி அனுப்ப வேண்டும். சின்னப் பெட்டிகள் தற்காலிகம் என்றுதான் முதலில் பேச்சு. நிரந்தரமானால் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டேன். அப்படியே ஒரு வருஷம் ஓடிவிட்டது.

அந்த ஒரு வருஷத்தில் அக்கா வீட்டோடு பழகிவிட்டேன். பெட்டிக்குக் கரண்டு அவர்கள் வீட்டிலிருந்து போனது. மாதம் இரண்டு தடவையாவது போவேன். மதியம் என்றால் சாப்பிடாமல் விடமாட்டார். அவர் வீட்டுக்காரர் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற விவசாயி. அதிகம் பேசாத மனிதர். கிரிவலப் பாதைக் குரங்குகள் பெட்டியின் கேபிளைப் பிடித்துத் தொங்கி ஒரு தடவை பிய்த்துவிட்டன. அடுத்த முறை நான் போனபோது கேபிள் நெடுக வேலிக்காத்தான் முள்ளை வெட்டி வைத்துக் கம்பியால் கட்டியிருந்தார்.

“உங்க பொட்டிக்கு வேலி போட்டுட்டேன் மேடம். இனிமே ஒரு கொரங்கும் கிட்ட வராது” என்றார்.

கையெல்லாம் கீறல். அவர் என்னிடம் பேசிய நீளமான பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

பங்குனியில் செங்கம் ரோட்டை ஒட்டி, மலைக்கு மேற்கே ஒரு கிராமத்து மேட்டில் கம்பெனி புதிதாகப் பெரிய டவர் ஒன்றை நிறுத்தியது. சென்னையில் வரைபடம் பார்த்து அதற்குச் சேனல் ஒதுக்கினார்கள். அந்த வரைபடத்தில் என் பெட்டி கிடையாது. அவர்கள் கண்ணுக்கு அடி அண்ணாமலை வெறும் வயல்வெளி. அங்கே இருந்த அதே சேனலை எடுத்துப் புது டவருக்குக் கொடுத்துவிட்டார்கள். கிழக்குப் பக்கம் மலை மறைத்தது சரி. மேற்கே மறைக்க எதுவுமே இல்லை, அறுப்பு முடிந்த கழனிகள்தான்.

சித்ரா பௌர்ணமிக்கு நாலு நாள் முன்னால் வழக்கம்போல் பாதையை நடந்து அளந்தேன். அக்கா கடைக்கு இருநூறு அடி இருக்கும்போதே திரை சிவந்துவிட்டது. போனில் டவர் முழுசு. காதில் வைத்தால் தகரத்தில் ஆணியால் கீறுகிற மாதிரி சத்தம். நடுநடுவே ஒரு சொல், அரை சொல். என்ன நடந்திருக்கிறது என்பது எனக்குப் பத்து நிமிஷத்தில் தெரிந்துபோனது. இன்னும் நடந்து பார்த்தேன். அடி அண்ணாமலைக் கோயில் மதிலுக்குப் பின்பக்கம் போய் நின்றால் பேச்சு தெளிவாக இருந்தது. மதில் புது டவரை மறைத்தது. கடையிலிருந்து அந்த இடம் நடந்து போனால் ஒரு நிமிஷம்.

திரும்பி வரும்போது அக்கா தன் போனை நீட்டினார்.

“என்னா மேடம், ஒரு வாரமா பேச்சு ஒடைஞ்சு ஒடைஞ்சு வருது? டவரு ஃபுல்லா காட்டுது, ஆனா எதிர்ல பேசறவங்க சொல்றது புரியவே மாட்டேங்குது.”

வாடிக்கையாளரிடம் நெட்வொர்க் கோளாறைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்பது எங்களுக்கு முதல் நாளே சொல்லித் தந்த பாடம். பாடம் இல்லாவிட்டாலும் சொல்லியிருப்பேனா என்பது சந்தேகம்தான். தப்பு என் படிவத்தில் இருந்தது. போனை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய பழைய செட்டு.

“செட்டு பழசு இல்லீங்களாக்கா, அதான்” என்றேன்.

உள்ளே மூட்டையைப் புரட்டிக்கொண்டிருந்த அவர் வீட்டுக்காரர், “நான்தான் சொல்றேனே, புதுசு ஒண்ணு வாங்கலாம்னு” என்றார்.

“இதுவே போதும். ஆடி போவட்டும், பாக்கலாம்” என்றார் அக்கா.

நான் மோரைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

லாட்ஜ் அறைக்கு வந்ததும் வேலூருக்குப் போன் போட்டேன்.

“சார், புது டவரும் அடி அண்ணாமலை பெட்டியும் ஒரே சேனல்ல ஓடுது. ரெண்டுல ஒண்ணை மாத்தியாவணும்.”

“எதுக்கு மாத்துவே? காலியா ஏதாவது சேனல் இருக்கா?”

“ஆசிரமத்துப் பக்க டவர்ல இருந்து ஒண்ணை எடுத்துடலாம் சார். அதை மலை முழுசா மறைக்கல. அங்க நிறுத்திட்டு இங்க குடுத்தா மேற்கால டவரோட இடிக்காது.”

“டவுன்ல கம்மி பண்ணிட்டு, கலெக்டர் ஆபீஸ்ல இருந்து போன் வந்தா நீ பதில் சொல்றியா? பௌர்ணமி முடியற வரைக்கும் எதையும் தொடக் கூடாதுன்னு சென்னைல இருந்து ஆர்டர் வந்திருக்கு. தெரியும் இல்ல?”

“பேச்சு ஒடையுது சார்.”

“கால் கட் ஆவுதா?”

“கட் ஆவல. ஒடையுது.”

“அப்ப விடும்மா. கட் ஆனாதான் சென்னைக்குப் போற ரிப்போர்ட்ல செவப்பா வரும்.”

விட்டுவிட்டேன். ஒரு மெயில் மட்டும் அனுப்பினேன், பின்னால் யாராவது கேட்டால் காட்டுவதற்கு. அதை அனுப்பியதும் மனசு லேசானது. அதுவும் நினைவிருக்கிறது.

சித்ரா பௌர்ணமி அன்று நான் லாட்ஜ் அறையில் லேப்டாப் முன்னால் இருந்தேன். வெயில் கொளுத்திய நாள். மூன்று மணிக்கே பாதை நிரம்பத் தொடங்கிவிட்டது. ஒவ்வொரு டவரிலும் பெட்டியிலும் எத்தனை கால் போகிறது, எத்தனை அறுகிறது என்று கால் மணிக்கொரு தடவை எண்கள் வரும். அடி அண்ணாமலைப் பெட்டி நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. கால்கள் நிறைய. அறுந்தவை மிகக் கம்மி. பச்சை. மாலையில் மேலதிகாரி கூப்பிட்டு, “பாத்தியா, ஒண்ணும் ஆவல” என்றார்.

அன்றைக்கு அங்கே நடந்ததைப் பிற்பாடு அக்காவும் அவர் கொழுந்தனாரும் தனித்தனியே சொன்னதிலிருந்துதான் நான் தெரிந்துகொண்டேன்.

ஐந்து மணி வாக்கில் அக்காவின் வீட்டுக்காரர் தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்தவர் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சட்டை நனைந்துவிட்டது. வெயில்தான் என்று நினைத்து அக்கா விசிறினார், தண்ணீர் கொடுத்தார். விழுங்க முடியாமல் வாயோரம் வழிந்தது. வீட்டுக்காரரின் தம்பி, அந்தக் கொழுந்தனார், டவுனில் லோடு ஆட்டோ வைத்திருந்தார். பௌர்ணமியில் பாதைக்குள் வண்டி விடமாட்டார்கள். கடைகளுக்குத் தண்ணீர் பாக்கெட் போடுவதற்காக அவரிடம் பாஸ் இருந்தது. அக்கா அவருக்குப் போன் போட்டார்.

அக்கா சொன்னது இது: “ஒங்க அண்ணனுக்கு மாரு வலிக்குதாம். தண்ணி கூட எறங்கல. சீக்கிரம் வண்டி எடுத்துனு வா.”

கொழுந்தனாருக்குக் கேட்டது இது: “தண்ணி... சீக்கிரம் வண்டி...”

போன பௌர்ணமியிலும் பாக்கெட் தீர்ந்துபோய் அண்ணி இதே மாதிரிக் கூப்பிட்டிருந்தார். “வரேன் அண்ணி” என்றார் அவர்.

அந்த ‘வரேன்’ மட்டும் அக்காவுக்குத் தெளிவாகக் கேட்டிருக்கிறது.

அதனால்தான் அவர் வேறு யாரையும் தேடவில்லை. நடந்து போகிற கூட்டத்தைக் கூப்பிடவில்லை. போலீஸ் உதவி மையம் ஒரு மைலுக்குள் இருந்தது, அங்கே ஆள் அனுப்பவில்லை. சொந்தத் தம்பி வண்டியோடு வருகிறானே. அரை மணி கழித்து மறுபடி போன் போட்டார். கரகரவென்று இரைச்சல். “வந்துனே இருக்கேன்” என்று மட்டும் வந்தது. வீட்டுக்காரர் தலையை மடியில் வைத்துக்கொண்டு பாதையையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். எதிரில் ஜனம் சாமி பெயரைச் சொல்லிக்கொண்டு நடந்து போய்க்கொண்டே இருந்தது.

கொழுந்தனார் குடோனில் வரிசையில் நின்று, மூட்டை மூட்டையாகத் தண்ணீர் பாக்கெட் ஏற்றிக்கொண்டு, கூட்டத்துக்குள் ஹாரன் அடித்து ஊர்ந்து வந்து சேர்ந்தபோது ஏழு மணியாகப் போகிறது. கடை வாசலில் அண்ணனைப் பார்த்ததும்தான் அவருக்கு விளங்கியது. வண்டி நிறைய மூட்டை. ஆளைப் படுக்க வைக்க இடமில்லை. மூட்டைகளைப் பிரித்து வாரி வாரி ரோட்டில் வீசியிருக்கிறார். நடந்துகொண்டிருந்தவர்கள் யாரோ தர்மத்துக்குத் தண்ணீர் கொடுக்கிறார்கள் என்று கையை நீட்டிக்கொண்டு வண்டியைச் சூழ்ந்துவிட்டார்கள். “நல்லா இருப்பா” என்று ஒரு அம்மாள் அவர் தலையைத் தொட்டு வாழ்த்திவிட்டுப் போனாராம்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், வலி எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார். அஞ்சு மணிக்கு என்றார் அக்கா. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.

மறுநாள் மதியம் மோர் குடிக்கிற நினைப்போடு போனவள் கடை வாசலில் பந்தலைப் பார்த்தேன். உடலை அதற்குள் எடுத்துவிட்டிருந்தார்கள். என்ன ஆயிற்று என்று அங்கே நின்ற ஒருவரிடம் கேட்டேன். “மாரடைப்பு. தம்பிக்காரன் ஒடனே வண்டி எடுத்துனு வராம தண்ணி ஏத்திட்டு வந்தானாம்” என்றார். “போன்ல சொன்னதைக்கூட காதுல வாங்கல.”

உள்ளே போய் அக்கா முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. ஜீப்பில் ஏறி அறைக்கு வந்தேன். முந்தின நாளோடு தடை முடிந்திருந்தது. ஆசிரமத்துப் பக்க டவரிலிருந்து ஒரு சேனலை எடுத்து அடி அண்ணாமலைப் பெட்டிக்குக் கொடுத்தேன். இரண்டு எண்களை மாற்றி ஒரு பட்டனை அழுத்த வேண்டும். மூன்று நிமிஷ வேலை. டவுனில் ஒரு சேனல் குறைந்ததை ஒருவர்கூடக் கவனிக்கவில்லை. ஒரு புகாரும் வரவில்லை. அதற்கப்புறமும் வரவில்லை.

காரியம் முடிந்து ஒரு வாரம் கழித்துத்தான் போனேன். அக்கா கடை திறந்திருந்தார். நெற்றி வெறுமையாக இருந்தது. என்னைப் பார்த்ததும் உள்ளே போய் அந்தப் பழைய போனைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார்.

“இதுல என்னா கோளாறுன்னு கொஞ்சம் பாருங்க மேடம். நீங்க அன்னிக்கே சொன்னீங்க, செட்டு பழசுன்னு. அவரும் புதுசு வாங்கலாம்னாரு. நான்தான் ஆடி போவட்டும்னேன். அந்த வார்த்தை வாயில வந்திருக்கக் கூடாது.”

நான் அதை வாங்கினேன். ரப்பர் பேண்டைக் கழற்றி, பேட்டரியை எடுத்து, மறுபடி போட்டேன். பார்க்க என்ன இருக்கிறது? போனில் ஒரு கோளாறும் கிடையாது.

“இப்ப நல்லா இருக்குங்கக்கா” என்றேன்.

அவர் பேசிப் பார்த்தார். தெளிவாகக் கேட்டது. “பாருங்க, தொடச்சுப் போட்டதுக்கே சரியாயிடுச்சு. அன்னிக்கு எனக்குத் தோணலியே” என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் இவருக்கு என்ன ஆகப் போகிறது, போனவர் திரும்பவா போகிறார் என்றெல்லாம் ஜீப்பில் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். அன்றைக்கே உட்கார்ந்து நாலு பெட்டிகளுக்கும் படிவம் எழுதி அனுப்பினேன். அதோடு சேர்த்து நடந்ததை ஒரு கடிதமாகவும் எழுதினேன். மேலதிகாரி அதைச் சென்னைக்கு அனுப்பவில்லை. “நம்ம கவுண்ட்ல அந்தக் கால் ரெண்டும் சக்சஸ்மா. கட்டே ஆவல. எதை வெச்சு எழுதுவே?” என்று திருப்பிக் கொடுத்தார். அவர் சொன்னது உண்மை. எங்கள் கணக்கில் அந்த இரண்டு அழைப்புகளும் வெற்றிகரமாக முடிந்த அழைப்புகள்.

அடுத்த மாதங்களில் போகிறபோதெல்லாம் ஒன்றைக் கவனித்தேன். கொழுந்தனார் அந்தப் பக்கமே வருவதில்லை. தண்ணீர் பாக்கெட் வேறொருவர் கொண்டுவந்து இறக்கினார். ஒருநாள் கேட்டுவிட்டேன்.

“அவனைப் பத்திப் பேசாதீங்க” என்றார் அக்கா. “கூடப் பொறந்தவன் சாவக் கெடக்கறான்னு சொல்றேன், சரக்கு ஏத்தினு வரான். பதினாறாம் நாளு வந்து நின்னான். வாசப்படி ஏறாதேன்னுட்டேன்.”

அதன் பிறகு எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. ஐப்பசியில் ஒரு நாள், அடைமழை, பாதையில் ஆளே இல்லை. கடைக்குள் நாங்கள் இரண்டு பேரும்தான். சொல்லிவிட்டேன். புது டவர், என் பெட்டி, நான் எழுதாமல் விட்ட படிவம், நாலு நாள் முன்னாலேயே எனக்குத் தெரிந்திருந்தது, கோயில் மதிலுக்குப் பின்னால் போய்ப் பேசியிருந்தால் கேட்டிருக்கும் என்பது, செட்டின் மேல் பழி போட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். சேனல், அலைவரிசை என்றெல்லாம் நான் இழுத்தபோது அவர் குறுக்கே கையைக் காட்டி நிறுத்தினார்.

“அதெல்லாம் வேணாம். செட்டு நல்லா இருந்துச்சா, இல்லியா? அதை மட்டும் சொல்லுங்க.”

“நல்லா இருந்துச்சுங்க.”

“புதுசு வாங்கி இருந்தாலும்?”

“புதுசு வாங்கி இருந்தாலும் இதே மாதிரிதான் கேட்டிருக்கும்.”

அவர் மோர்ப் பானையைத் தட்டால் மூடினார். அழுவார், திட்டுவார், அடித்தாலும் அடிப்பார் என்று காத்திருந்தேன். 

“ஆறு மாசமா நான் என்னைக் கொன்னுனு இருக்கேன்” என்றார் கடைசியில். “நீ வந்து வந்து மோரு குடிச்சுட்டுப் போனே.”

அதுவரை என்னை ‘மேடம், நீங்க’ என்றே பேசியவர். அந்த ‘நீ’யில் நெருக்கம் எதுவும் இல்லை.

எழுந்து போய்ப் பெட்டிக்குப் போகிற கரண்டு சுவிட்சை அணைத்தார். “நாளைக்கே ஆளைக் கூட்டியாந்து இதைக் கழட்டிட்டுப் போயிடு. அப்புறம் நீ இங்க வராதே.” வாசல்வரை போன என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார். “அவன்கிட்ட நீயே போய்ச் சொல்லு. என் வாயால சொல்ல மாட்டேன். அவன் காது கேட்டதைத்தான் செஞ்சான்னு நீ சொல்லு.”

மறுநாள் பெட்டியைக் கழற்றினோம். அவர் வீட்டுக்காரர் கட்டிய முள்ளை வெட்டித்தான் கேபிளை எடுக்க வேண்டியிருந்தது. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் ஒரு கம்பத்தில் மாட்டினோம். அக்கா கடைக்கு அதிலிருந்தும் டவர் முழுசாகத்தான் கிடைத்திருக்கும். அவர் அதற்கப்புறம் போன் வைத்துக்கொள்ளவில்லை என்று கேள்விப்பட்டேன்.

கொழுந்தனாரை லோடு ஆட்டோக்கள் நிற்கிற இடத்தில் போய்ப் பார்த்தேன். அண்ணனைவிட நாலைந்து வயது சின்னவர். வண்டியின் பின்கதவில் சாய்ந்து நின்றபடி முழுவதையும் கேட்டார். நான் முடித்ததும், “அண்ணி உங்களை அனுப்புனாங்களா?” என்றார்.

“ஆமாங்க. உங்க மேல தப்பில்லன்னு உங்ககிட்டச் சொல்லச் சொன்னாங்க.”

கைத்துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

“எனக்கு அன்னிக்கே ஒண்ணு தோணுச்சு மேடம். அண்ணி கொரலு ஒரு மாதிரி இருக்கே, திரும்பப் போன் பண்ணிக் கேக்கலாம்னு. லோடு ஏத்தினு இருந்தேன். கையில மூட்டை. அப்புறம் கேட்டுக்கலாம்னு விட்டுட்டேன். நீங்க மெஷின் மேல தப்புன்னு சொல்றீங்க. சரி. ஆனா கேக்கலாம்னு தோணுச்சே. அதை நான் எங்க கொண்டு போய் வெக்கறது?”

அவரிடம் இருந்ததும் என்னிடம் இருந்ததும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று சொல்ல நினைத்தேன். அதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை என்று பட்டது. அவர் விட்டது ஒரு நிமிஷம். நான் விட்டது நாலு நாள், அதற்கு முன்னால் ஒரு வருஷம்.

அதன் பின்னும் அந்தக் கம்பெனியில்தான் இருந்தேன். வேலையை விட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் விடவில்லை. வீட்டில் என் சம்பளம் தேவைப்பட்டது. அடுத்த சித்திரை கழிந்ததும் வேலூருக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டேன். புது ஊர்களில் பிளான் போடும்போது சின்னப் பெட்டி ஒவ்வொன்றையும் மாட்டிய அன்றைக்கே எழுதிவிடுவேன். கூட வேலை செய்தவர்கள் அதைக் கேலி செய்வார்கள். கால் அறாமல் பேச்சு மட்டும் உடைகிற இடங்களையும் ரிப்போர்ட்டில் சிவப்பாகக் காட்ட வேண்டும் என்று மீட்டிங்கில் இரண்டு மூன்று தடவை சொன்னேன். பல வருஷம் கழித்து வேறு யாரோ சொல்லி அதைச் செய்தார்கள்.

மாற்றலாகிப் போவதற்குள் ஒரு முறை மார்க்கெட் பக்கம் கொழுந்தனாரைப் பார்த்தேன். வெங்காய மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று நினைத்தேன். திருப்பவில்லை. நானாகத்தான் அக்காவைப் பற்றி விசாரித்தேன்.

“வருஷத் திதிக்குச் சொல்லி அனுப்பி இருந்தாங்க” என்றார்.

“போனீங்களா?”

“போனேன்.”

“பேசினாங்களா?”

“எல போட்டாங்க. ஒக்காந்தேன்.”

கடைசி மூட்டை ஏறியது. கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டு, தலையை லேசாக ஆட்டிவிட்டு வண்டியை எடுத்தார்.